திரைக்கு இரு பக்கமும் ஒரு கப்பல்

மாமி,

அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்ததும் கஞ்சி வாசம் வந்தது. குடிக்கிற கஞ்சி அல்ல. தறி நூலுக்குப் போடுகிற கஞ்சி காய்ந்து வருடங்கள் போனதும் லேசாகப் புளித்த மாதிரி வீசுமே, அந்த வாசம். தறி இருந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இந்த வீட்டில் கஞ்சி காய்ச்ச ஆளும் இல்லை. ஆனால் பழைய கடித உறைகள் இருக்கிற அந்தச் சப்பாத்துப் பெட்டியின் மூடியை எடுத்தவுடன் நீங்கள் பக்கத்து அறையில் நிற்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே தரையில் குந்தியிருந்தேன். நபீலா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, இடுப்புப் புடிச்சிட்டா?" என்று கேட்டாள். உங்கள் மகளுக்கு நான் அழுவதும் என் இடுப்புப் பிடிப்பதும் ஒன்றுதான்.

கடைசி மகளுக்குக் கலியாணம். அதற்காகத்தான் அறையை ஒதுக்குகிறோம். நம் வழக்கப்படி வீடு மகளுக்கு, முன்னறை புது மாப்பிள்ளைக்கு. எனக்கும் நபீலாவுக்கும் பின்பக்கத்துச் சின்ன அறை. நீங்களும் மாமாவும் ஒரு காலத்தில் எங்களுக்காக இப்படித்தான் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போனீர்கள். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது என் சாமான்களை நானே தூக்கும்போதுதான் படுகிறது.

நீங்கள் மௌத்தாகி மூன்று நோன்புப் பெருநாள் போய்விட்டது. உங்களுக்கு மடல் எழுதுவது புதினமாகத் தெரியவில்லை. நீங்கள் இருந்த காலத்திலும், ஆரம்பத்தில், நாம் முகத்துக்கு முகம் பார்த்துக் கதைத்தது குறைவுதானே.

நான் சம்மாந்துறையில் இருந்து மருதமுனைக்கு மாப்பிள்ளையாக வந்தபோது என்னிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் நாலு சாரன், ஐந்து சேர்ட், ஒரு சப்பாத்துப் பெட்டி. கலியாணம் பேசிய நேரம், "மாப்பிள்ளைக்கு நீர்ப்பாசனத்தில வேலை, குடி இல்ல, சிகரட் இல்ல, முத்திரை சேர்க்கிற பழக்கம் மட்டும் இரிக்கி" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தக் கடைசித் தகவல் பிழை. நான் சேர்த்தது முத்திரையை அல்ல, தபால் கந்தோரில் முத்திரைக்கு மேல் குத்துகிற சீலை. அதுவும் எல்லாச் சீலும் அல்ல, ஒரேயொரு கப்பலின் சீலை.

பெரிய போர்க்கப்பல்களின் வயிற்றுக்குள் ஒரு சின்னத் தபால் கந்தோர் இருக்கும். அதற்கென்று தனிச் சீல் இருக்கும். ஒரு வட்டம், வட்டத்துக்குள் கப்பலின் பெயரும் தேதியும். வட்டத்துக்குப் பக்கத்தில் தடித்த கோடுகள் மூன்று நாலு. கோடுகளுக்கு நடுவே, அன்றைக்குக் கப்பல் நிற்கிற துறைமுகத்தின் பெயரைச் சின்ன எழுத்துகளால் அடுக்கி வைப்பார் அங்குள்ள எழுதுவினைஞர். சீலைக் குத்தும்போது வட்டம் கடித உறையில் விழும், கோடுகள் முத்திரைக்கு மேல் விழும். ஆக, எந்தக் கப்பல், என்றைக்கு என்பது உறையில். எங்கே என்பது முத்திரையில். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. என்னை விட நீங்கள்தான் பின்னாளில் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினீர்கள். எழுத எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கப்பலின் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. நீங்கள் வைத்த பெயர் போதும், மூணு புகைக்கூண்டுக் கப்பல். என் வாப்பா இளந்தாரியாக இருந்த காலத்தில் நாம் திருமலை என்கிற திருகோணமலைத் துறைமுகத்தில் சின்னத் தோணி ஒன்றில் முட்டையும் வாழைப்பழமும் தேசிக்காயும் ஏற்றிக்கொண்டு கப்பல்களுக்குப் போய் விற்பார். பெரிய சண்டை தொடங்குவதற்கு முன் ஒரு நாள், தூரத்து நாடொன்றின் போர்க்கப்பல் அங்கே வந்து நங்கூரம் போட்டது. வாப்பா கொடுத்த வாழைக்குலைக்குச் சந்தோஷப்பட்ட ஒருவர், அந்தத் தபால் எழுதுவினைஞர்தான், வாப்பாவின் விலாசத்தைக் கேட்டு ஓர் உறையில் எழுதி, முத்திரை ஒட்டி, சீல் குத்திக் கப்பல் தபாலில் போட்டுவிட்டார். உள்ளே கடிதம் எதுவும் இல்லை. அந்த வெறும் உறை கப்பலின் நாட்டுக்குப் போய், உலகத்தைச் சுற்றிக்கொண்டு சம்மாந்துறைக்கு வந்து சேர்ந்தபோது வாப்பா நெல் விதைத்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு ஹயாத்தில் வந்த ஒரே வெளிநாட்டுத் தபால் அது, அதுவும் திருமலையில் இருந்து. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வாப்பா மௌத்தான பிறகு அந்த உறை எனக்கு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கப்பல் திருமலைக்கு முதல் எங்கே நின்றது, பிறகு எங்கே போனது என்று கேள்வி வந்தது. வெளிநாட்டில் பழைய உறைகள் விற்பவர்களுக்கு எழுதினேன். ஓய்வுபெற்ற கப்பற்காரர் ஒருவருக்கு நம் நாட்டு முத்திரைகளை அனுப்பி மாற்றாக வாங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலின் வாழ்க்கை முழுவதும் சப்பாத்துப் பெட்டிக்குள் வந்தது. முதன்முதல் கொடி ஏறிய நாளின் சீல், ஊர் ஊராகத் திரிந்த வருடங்களின் சீல்கள். சண்டைக் காலத்துச் சீல்களில் கப்பலின் பெயரே இருக்காது. எதிரிக்குத் தெரியக்கூடாதென்று பெயரையும் இடத்தையும் எடுத்துவிட்டு வெறும் தேதியை மட்டும் குத்துவார்கள். அனுப்பியவர் உறை மூலையில் எழுதிய விலாசத்தை வைத்துத்தான் அது நம் கப்பல் என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் கொடி இறங்கிய நாளின் சீல். அதற்குப் பிறகு அதை இரும்புக்கு விற்று வெட்டிவிட்டார்கள்.

இவ்வளவையும் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் எப்படிச் சொல்வது? நம் பக்கத்தில் மருமகனும் மாமியும் நேருக்கு நேர் நின்று கதைப்பதில்லை. மார்க்கத்தில் அப்படித் தடை ஒன்றும் கிடையாது, சும்மா மரியாதை. நீங்கள் குசினி வாசலில் தொங்கிய பச்சைத் திரைக்குப் பின்னால் நின்று, "புள்ள, மருமகனுக்கு இன்னும் சோறு வேணுமா எண்டு கேளு" என்பீர்கள். உங்கள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கும். இருந்தாலும் நபீலா திரும்பி, "சோறு வேணுமா?" என்று கேட்கும் வரைக்கும் நான் கேட்காதவன் மாதிரி இருக்கவேண்டும். பிறகு நான், "போதும் எண்டு சொல்லு" என்பேன். நபீலா ஒரு வார்த்தையை இரண்டு முழத் தூரத்துக்குச் சுமந்துகொண்டு போவாள். வந்து மாதக்கணக்காகியும் நான் அந்த வீட்டில் விருந்தாளியாகத்தான் இருந்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். இருமல் வந்தாலும் வெளியே போய் இருமினேன்.

நோன்புப் பெருநாள் வரப்போகிறது, மருமகனுக்கு மனதுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது செய்யவேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள். பக்கத்து வீட்டில் முத்திரை சேர்க்கிற யாரிடமோ போய் விசாரித்திருக்கிறீர்கள். அவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். உறையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டால் முத்திரை தானாகக் கழன்று வரும், காயவைத்துப் புத்தகத்தில் வைக்கலாம்.

அன்றைக்கு நான் சவளக்கடைப் பக்கம் வாய்க்கால் வேலையைப் பார்த்துவிட்டு அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தேன். நடு அறையில் வெள்ளைத் துணி விரித்து, அதில் முத்திரைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் விளிம்புகூட மடங்கவில்லை, ஒன்றுகூடக் கிழியவில்லை. அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறீர்கள். பக்கத்தில் கல்முனைக் கடையில் வாங்கிய புதிய முத்திரைப் புத்தகம். உறைகளைத் தறிக் கயிற்றில் காயப்போட்டு, கட்டாக்கி, அடுப்பு மூட்ட உதவும் என்று குசினியில் வைத்திருந்தீர்கள். திரைக்குப் பின்னால் இருந்து உங்கள் குரல் வந்தது. அதில் அப்படியொரு சந்தோஷம்.

"புள்ள, மருமகனுக்குப் புடிச்சிரிக்கா எண்டு கேளு."

துணிக்குப் பக்கத்தில் குந்தினேன். கப்பலின் பெயரும் நாளும் ஒரு பக்கம், அது நின்ற இடங்கள் இன்னொரு பக்கம். எந்த நாளில் எங்கே நின்றது என்பது தண்ணீரோடு போய்விட்டது. வாப்பாவின் உறையும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது. நான், "நல்லம் எண்டு சொல்லு" என்றேன். அடுத்த நாள் காலையில் தகரப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு உம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிச் சம்மாந்துறைக்குப் போய்விட்டேன்.

பெட்டியோடு போன மாப்பிள்ளை என்றால் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு கிழமைக்குள் மருதமுனை முழுக்க, வாழ்வு முறிந்துவிட்டது என்று கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் முறித்துக்கொள்ள நினைத்துப் போகவில்லை. ஆனால் திரும்பி வருவதற்கான காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை. உம்மா சோறு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். மாமா சாரன் விற்க மலைநாட்டுப் பக்கம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் வந்து, தோளில் தட்டி, ஒரு தேத்தண்ணி குடித்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். நானும் போயிருப்பேன், நாற்காலி நுனியில் மறுபடி உட்கார்ந்திருப்பேன். அல்லாஹ் அவரை அந்த நேரம் ஊரில் வைக்காதது நல்லதாய்ப் போயிற்று.

நீங்கள் வந்தீர்கள். மாமி ஒருத்தி மருமகனைத் தேடிப் போவது நம் ஊரில் எவ்வளவு குறைவான காரியம் என்று யாருக்குத்தான் தெரியாது. நபீலாவையும் கூட்டிக்கொண்டு, உறைகளையும் முத்திரைகளையும் கட்டிய ஒரு துணி மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். நான் புறப்படுவதற்கு முந்திய இரவு அவளிடம் சொன்ன எல்லாவற்றையும் நபீலா அதற்குள் உங்களுக்குச் சொல்லியிருந்தாள். உம்மாவின் அறைக்குள் போய், கதவைப் பாதி சாத்திக்கொண்டு, கதவுக்குப் பின்னால் இருந்து கதைத்தீர்கள். நபீலாவிடம் அல்ல, நேரே என்னிடம்.

"மருமகன், நான் தண்ணில போட்டது உங்கட வாப்பாட கப்பலை எண்டு புள்ள சொன்னா. எனக்குத் தெரியா. தெரியா எண்டு சொல்லித் தப்பிக்க வரல்ல. இது திரும்ப ஒட்டுமா, ஒட்டாதா? அத மட்டும் சொல்லுங்க."

"எது எதோட எண்டு தெரியாம ஒட்ட ஏலா மாமி" என்றேன்.

"தெரிஞ்சா ஒட்டலாமா?"

"ஓம். ஆனா எப்படித் தெரியும்?"

"அத நீங்க வீட்ட வந்து சொல்லித் தாங்க. நான் கேக்கிறன்."

வேறொன்றும் சொல்லவில்லை நீங்கள். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. ஊர் என்ன கதைக்கும் என்று மிரட்டவில்லை. என் மகள் அழுகிறாள் என்றுகூடச் சொல்லவில்லை, அவள் பக்கத்தில் நின்று அழுதுகொண்டுதான் இருந்தாள். செய்ய ஒரு வேலை இருக்கிறது, அதற்கு நான் வேண்டும் என்று மட்டும் சொன்னீர்கள். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அந்த வீட்டில் என்னைச் சாப்பிடச் சொன்னார்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். என்னிடம் எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவர் அதுவரை யாரும் இல்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தேன்.

கோடுகள் முத்திரைக்குள் முழுதாக அடங்குவதில்லை. இரு பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டு உறையில் விழும். ஆகவே உறையில் கோட்டின் நுனிகளும், முத்திரையில் கோட்டின் நடுப்பகுதியும் இருக்கும். நுனியும் நடுவும் பொருந்தினால் அதற்கு அது சொந்தம். மை எவ்வளவு கறுப்பு, கோடு எவ்வளவு சரிவு, எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்துப் பொருத்தவேண்டும். அதை நபீலா மூலமாக உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். ளுஹர் தொழுதுவிட்டு வேலை தொடங்கியது. முத்திரைகள் எல்லாம் திரைக்கு அந்தப் பக்கம், உங்கள் முன்னால், பாயில். உறைகள் எல்லாம் இந்தப் பக்கம், என் முன்னால். நபீலா நடுவில்.

"நாலு கோடு, ரெண்டாவது கோடு உடைஞ்சிரிக்கி எண்டு சொல்லு" என்பேன் நான். "நாலு கோடு, ரெண்டாவது உடைஞ்சிரிக்காம்" என்பாள் அவள். "வலப்பக்கம் உடைஞ்சதா, இடப்பக்கமா எண்டு கேளு" என்பீர்கள் நீங்கள். பாவம் அவள், கொஞ்ச நேரம் சுமந்து பார்த்தாள். பிறகு எழும்பி, "ரெண்டு பேருக்கும் காது கேக்கிதுதானே. எனக்கு மீன் வெட்ட இரிக்கி" என்று சொல்லிப் பின்பக்கம் போய்விட்டாள்.

நான் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. கடைசியில் திரைக்குக் கீழால் உங்கள் கை வந்தது, உள்ளங்கையில் ஒரு முத்திரை.

"இதா மருமகன்?"

வைத்துப் பார்த்தேன். கோட்டின் நுனிகள் இரு பக்கமும் ஓடி வந்து சேர்ந்துகொண்டன. நூலில் நூல் சேர்ந்த மாதிரி. "ஓம் மாமி, இதுதான்" என்றேன். அந்தப் பக்கம் நீங்கள், "அல்ஹம்துலில்லாஹ்" என்றீர்கள். ஒரு பிள்ளை பிறந்த வீட்டில் சொல்கிற குரலில் சொன்னீர்கள். நான் சிரித்துவிட்டேன், நீங்களும் சிரித்தீர்கள். மாமியின் சிரிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

அப்படியே பல நாட்கள் போயின. நான் வேலையால் வந்து முகம் கழுவ முதல், "மருமகன், அந்தச் சாய்ஞ்ச கோட்டுக்காரன் ஆம்பிட்டான்" என்று திரைக்குப் பின்னால் இருந்து குரல் வரும். உங்களுக்கு இங்கிலீசு வாசிக்க வராது. கோடுகளுக்கு நடுவில் இருக்கிற எழுத்துகளைக் காட்டி, "இது எந்த ஊர்?" என்று கேட்பீர்கள். நான் ஊரின் பெயரைச் சொல்லி, கப்பல் அங்கே என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். "அங்க இருந்து மறுகா எங்க போன?" என்பீர்கள். அடுத்த முத்திரையைத் தேடுவீர்கள். கப்பலின் வாழ்க்கையை நான் நாலைந்து பேருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் முதல் துறைமுகத்திலேயே கொட்டாவி விட்டுவிடுவார்கள். கடைசித் துறைமுகம் வரைக்கும் கூட வந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒன்றைத் தவிர எல்லாம் சேர்ந்தன. சேராமல் நின்றது வாப்பாவின் உறை. திருமலை என்று எழுதியிருந்த முத்திரையைக் காணவில்லை. பாயைத் தட்டினீர்கள், தறிக்குக் கீழே கூட்டினீர்கள், புதுப் புத்தகத்தின் ஒவ்வோர் இதழையும் விரித்துப் பார்த்தீர்கள். கடைசியில் உங்களுக்கே ஞாபகம் வந்தது. ஊறவைத்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றியிருக்கிறீர்கள். போய் மண்ணை விரலால் கிளறினீர்கள். ஒன்றும் இல்லை.

"போகட்டும் மாமி" என்றேன் நான்.

"போகட்டும் எண்டு சொல்லாதீங்க மருமகன். நான் போட்டதுதான் போன. அது எனக்கு இரிக்கட்டும்."

விரலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "அந்த முருங்கை இனித் திருமலையைக் குடிச்சிட்டு நல்லாக் காய்க்கும்" என்றீர்கள். நபீலா பின்பக்கத்தில் இருந்து சிரித்த சிரிப்பில் எனக்கும் அடக்க முடியவில்லை. அன்றில் இருந்து இந்த வீட்டில் அந்த மரத்துக்குப் பெயர் திருமலை. "திருமலையில ரெண்டு காய் ஆய்ஞ்சிட்டு வா" என்றால் வெளியார் யாருக்கும் விளங்காது. நல்லாகவும் காய்த்தது, பொய் சொல்லக்கூடாது.

ஒட்டுவதற்கு நான் கடையில் பசை வாங்கலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை, தறிக்குக் காய்ச்சிய கஞ்சியையே பதமாக எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினீர்கள். அதனால்தான் இந்தப் பெட்டி இன்னும் வீசுகிறது. பிறகொரு காலத்தில் கொழும்பில் ஒரு சேகரிப்பாளரிடம் சில உறைகளைக் காட்டினேன். கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "கழட்டி ஒட்டியிருக்கு, இதுக்கு ஒரு மதிப்பும் இல்லை" என்று முகத்தைச் சுளித்தார். நான், "ஓம், எங்கட மாமி ஒட்டினது" என்று சொல்லிவிட்டு உறைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த மனுசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவைக்க எனக்கும் மனமில்லை.

திரை எப்போது போனது என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஒருநாள் ஒரு பக்கம் தூக்கிக் கட்டியிருந்தது. பிறகு கழுவப் போட்டார்கள், திரும்பத் தொங்கவிடவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். நாடு கெட்ட காலம் வந்தது. எந்த ஊர், என்ன பெயர் என்று மறித்துக் கேட்டால் சொல்வதா விடுவதா என்று யோசித்து யோசித்து ரோட்டில் போன வருடங்கள். அப்போது ஒருநாள் நீங்கள் சண்டைக் காலத்து உறை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பேர் இல்லாட்டியும் தபால் போய்த்தான் இரிக்கி, என்ன மருமகன்?" என்றீர்கள். எனக்கு அன்றைய பயம் கொஞ்சம் குறைந்தது. கடல் பொங்கி வந்து நம் ஊரின் பாதியைக் கொண்டுபோன காலையில், மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் வரவில்லை. வீடு நிறைய ஆட்கள் வந்து தங்கினார்கள். அன்றைக்கு நீங்கள் எத்தனை பேருக்குச் சோறு ஆக்கினீர்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணவும் விடமாட்டீர்கள்.

கடைசி மாதங்களில் உங்களால் எழும்ப முடியவில்லை. அஸருக்குப் பிறகு நான் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து உறைகளை எடுத்து ஊர்ப் பெயர்களை வாசிப்பேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "மறுகா?" என்பீர்கள். நான் அடுத்ததை எடுப்பேன். கொடி இறங்கிய நாளின் சீல் பெட்டியின் அடியில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. நீங்களும் அதைக் கேட்கவில்லை. அதற்கு முதல் உறையோடு நிறுத்திவிட்டு, "நாளைக்கு வாசிப்பம் மாமி" என்பேன். "ஓம்" என்பீர்கள். நபீலா உங்கள் வயிற்றுப் பிள்ளை. ஆனாலும் உங்கள் ஜனாஸா போன அன்று எனக்குத்தான் உம்மா போன மாதிரி இருந்தது.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டுக் கலியாண வேலைக்குப் போய்விட்டேன். இப்போது எல்லாம் முடிந்து, பந்தலும் கழற்றியாயிற்று. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை நிந்தவூர்ப் பிள்ளை, வங்கியில் வேலை. நல்ல அடக்கம், அளவுக்கு மிஞ்சிய அடக்கம். "சாப்பிடுங்க மகன்" என்றால் சாப்பிடுவார், "இருங்க" என்றால் இருப்பார். கேட்டால் ஓம், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த நாற்காலி நுனி எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவருடைய மீன் தொட்டி ஓட்டோ ஒன்றில் வந்து இறங்கியது. பெரிய கண்ணாடித் தொட்டி. தண்ணீர் வெறும் தேத்தண்ணி நிறம். அடியில் காய்ந்த இலைகளும் கறுத்த வேர்க்கட்டை ஒன்றும். கண்ணாடியில் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. உள்ளே விரல் அளவு மீன்கள் சில, தேடிப் பார்த்தால்தான் தெரியும். முன்னறையில் அதை வைத்துவிட்டு மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார்.

நபீலா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஐயோ பாவம், அந்தப் புள்ளைக்குக் கழுவ நேரமில்ல போல. மருமகன் வாறத்துக்குள்ள ஊத்தை எல்லாத்தையும் எடுத்து நல்ல தண்ணி மாத்தி வெப்பம்." சொல்லி முடிப்பதற்குள் வாளி வந்துவிட்டது, சவர்க்காரத் தூளும் வந்துவிட்டது. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மாமி, நான் உங்களைத்தான் பார்த்தேன். நடு அறையில் வெள்ளைத் துணி விரித்திருந்த அன்று நான் பார்க்காத உங்கள் முகத்தை உங்கள் மகளில் பார்த்தேன்.

வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். "தொடாத" என்றேன்.

"ஏன்? இப்படியே விடுறதா?"

"அவர் வந்த பொறகு கேளு."

"நானா? நான் எப்படி மருமகனோட கதைக்கிற? நீங்க கேளுங்க."

"நான் கேட்டா அவர் ஓம் எண்டுதான் சொல்லுவார். நீதான் இப்ப மாமி. நீ கேளு."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பின்னேரம் மாப்பிள்ளை வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, குசினி வாசலில் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"மகன், இந்தத் தொட்டியில எது ஊத்தை, எது ஊத்தையில்ல எண்டு எங்களுக்குச் சொல்லித் தாங்க."

அந்தப் பிள்ளை ஒரு சப்பாத்துக் காலோடு அப்படியே நின்றார். பிறகு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "மாமி, இதுல ஒண்டும் ஊத்தையில்ல" என்று தொடங்கினார். அந்த மீன்கள் காட்டு ஓடையில் வாழ்கிறவையாம். இலை ஊறிக் கறுத்த தண்ணீரில்தான் அவற்றுக்கு உயிர் நிற்குமாம். நல்ல தண்ணீர் மாற்றினால் இரண்டு நாளில் எல்லாம் செத்துவிடுமாம். நபீலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவர் ஒவ்வொரு மீனாகக் காட்டினார், எங்கே பிடித்தது, எதற்கு எந்த இலை வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நபீலா தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, "அங்கால ஒளிச்சிரிக்கிற ஆள் ஆரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் இருவரும் எழும்பவில்லை. என்னை யாரும் தேடவும் இல்லை.

மாமி, நீங்கள் எனக்குச் செய்ததை உங்களுக்குத் திருப்பிச் செய்ய வழியில்லை. அதை முன்னுக்குத்தான் கொடுக்க முடியும் போல் இருக்கிறது. ஒருவர் கொண்டு வந்ததைத் தொட முதல் அவரிடம் கேட்பது, கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பது. இதைத் தவிர உங்களிடம் நான் பெரிதாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, இது போதுமாக இருக்கிறது. அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்கட்டும்.

நேற்று மாப்பிள்ளை வேலையால் வந்து, யாரையும் கூப்பிடாமல், நேரே குசினிக்குள் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.